பூட்டிய வீட்டின் சுவர்

அத்தியாயம் 11

1973 நவம்பர் 13, செவ்வாய். காலை 6.10.

ஒரு தவறு செய்திருக்கிறேன். சிறியது என்றுதான் நேற்றுவரை நினைத்தேன். குடியிருப்பு அலுவலகத்துக்கு எழுதிய மனுவின் அடியில் 'இணைப்பு' என்று போட்டு, நாங்கள் காட்டப்போகும் ஆதாரங்களை ஒன்று, இரண்டு என்று வரிசையாகத் தட்டச்சு செய்தேன். தட்டச்சு வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். மூன்றாவதாக, '38ஆம் எண் பூட்டிய வீட்டின் சுவர்' என்று எழுதினேன். அதை விட்டிருக்கலாம். துருப்புச் சீட்டை எதிராளிக்குக் காட்டிவிட்டு ஆட உட்காருகிறவள் உண்டா? இன்று மாலை நான்கு மணிக்கு என்ஜினியர் வருகிறார். அதுவரை ஒன்றும் நடக்காவிட்டால் இது சிறிய தவறுதான்.

பிலோமி நோட்டை மூடி, எண்ணெய்த் துணியில் சுற்றி, டிரங்குப் பெட்டிக்குள் வைத்தாள். அலமாரியில் வைத்த நோட்டு போன மழைக்கே பூஞ்சணம் பிடித்துப் பக்கத்தோடு பக்கம் ஒட்டிப்போயிருந்தது.

நூற்றிருபது வீடு என்றுதான் ஊரில் அந்தக் காலனிக்குப் பெயர். தோணிக்காரர்களுக்கும், உப்பளத்துக்காரர்களுக்கும், சங்கு குளிக்கிறவர்களுக்குமாகக் கட்டிக் குலுக்கலில் கொடுத்த வாடகை வீடுகள். கட்டி ஆறு வருடம்தான் ஆகிறது. அதற்குள் சுவரெல்லாம் ஓதம் ஏறி, இடுப்பு உயரத்துக்கு உப்புப் பூத்து, அதற்கு மேல் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சணம். கோடையில்கூடச் சுவரைத் தொட்டால் கை நனையும்.

'வலையையும் சங்கையும் வீட்டுக்குள் காயப்போடுவதால்தான் சுவர் நனைகிறது; குடியிருப்போரே பொறுப்பு' என்று குடியிருப்பு அலுவலகம் பதில் எழுதியது. அதற்கு மறுபதிலாகத்தான் முப்பத்தெட்டாம் எண் வீடு இருந்தது. பதினான்கு மாதமாகப் பூட்டிக் கிடக்கும் வீடு. வலையும் இல்லை, உலை கொதிக்கவும் இல்லை. ஆனாலும் ஜன்னல் இடுக்கு வழியே பார்த்தால், உள்ளே சுவர் அழுதுகொண்டிருக்கும். அதை என்ஜினியர் ஒருமுறை கண்ணால் பார்த்தால் போதும்.

பாயில் கிடந்த அண்ணன் மகள் செலின் இருமினாள். இரண்டு வயதுப் பிள்ளை. நெஞ்சுக்கூடு உள்ளே இழுத்து வெளியே வந்தது. போன வாரம் அரசு ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்துவிட்டு வந்தவள். "இந்த வீட்டுல வச்சிருந்தா மறுபடி வரும். அடுத்த தடவை தாங்குவாளான்னு சொல்ல முடியாது" என்று டாக்டர் பச்சையாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"அவரு விடியமுன்ன போயிட்டாரு" என்றாள் அண்ணி அல்போன்சா, பிள்ளையின் நெஞ்சைத் தடவிக்கொண்டே. "ஒரு வார்த்தை சொல்லல. எங்கன வேலைன்னும் சொல்லல."

பிலோமியின் அண்ணன் வளன், இந்த வீடுகளைக் கட்டிய காண்டிராக்டர் ஆறுமுகநயினாரிடம் லாரிக்கு லோடு ஏற்றுகிறவன். குடியிருப்போர் சங்கத்தின் பெயரைக் கேட்டாலே சாமி வந்தவன் மாதிரி ஆடுவான். பிலோமி அச்சடித்து வைத்திருந்த நோட்டீசுகளைப் போன வாரம் ஒன்றுவிடாமல் அடுப்பில் போட்டவன். ஏன் என்று கேட்டதற்கு, "காலை ஒடிச்சிருவேன்" என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

"நாலு மணிக்கு வந்து பாக்கட்டும் மைனி. பாத்தப்பறம் அண்ணனுக்கே புரியும்" என்றாள் பிலோமி. சொல்லும்போதே அந்த 'இணைப்பு' நினைவுக்கு வந்தது.

பத்தரை மணிக்கு லாரிச் சத்தம் கேட்டது.

ஆண்கள் யாரும் இல்லாத நேரம். துறைமுகத்துக்கும் உப்பளத்துக்கும் போயிருந்தார்கள். பார்த்துத்தான் வந்திருக்கிறார்கள். லாரியிலிருந்து சிமெண்டு மூட்டையும் சாந்துச் சட்டியும் தண்ணீர்ப் பீப்பாயும் இறங்கின. கடப்பாரைகள் இறங்கின. ஆறுமுகநயினாரின் மேஸ்திரி கிருபாநிதி இறங்கினார். பின்னால் ஆறு ஆட்கள். ஆறாவது ஆள் வளன்.

மேஸ்திரி வேறு எந்த வீட்டையும் பார்க்கவில்லை. நேரே முப்பத்தெட்டாம் எண்ணுக்குத்தான் நடந்தார். மனுவின் இணைப்பு காண்டிராக்டர் கைக்குப் போயிருக்கிறது.

அவருக்கு முன்னால் ஓடிப்போய்ச் சேர்ந்தவள் இசக்கித்தாய். முப்பத்தேழாம் வீட்டுக்காரி, இருபது வருடம் உப்பளத்தில் பெட்டி சுமந்த கழுத்து. கதவுக்குக் குறுக்கே சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். பிலோமியும் அல்போன்சாவும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பிள்ளையைத் தண்ணீர்க் குழாயடியில் நின்ற பிளாரன்ஸ் வாங்கிக்கொண்டாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருபது பெண்கள் சேர்ந்துவிட்டார்கள்.

"என்னளா, மாநாடா?" என்றார் மேஸ்திரி. "எந்திரிங்க, எந்திரிங்க. வீட்டைச் சரிபண்ணு, சரிபண்ணுன்னு கத்துனியள்ல? சரிபண்ணத்தான் வந்திருக்கோம்."

"ஆளு இருக்க வீடு அம்புட்டும் ஒழுவுது. ஆளில்லாத வீட்டை எதுக்கு மேஸ்திரி பூசுதீரு? பேய் குடிவருதோ?" என்றாள் இசக்கித்தாய்.

"ஆமா. ஒன்னைய மாதிரி ஒண்ணு."

"அப்ப ஒம்மையும் கூட்டிட்டு வரச்சொல்லும். துணைக்கு ஆவும்."

பெண்கள் சிரித்தார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை.

"நாலு மணிக்கு என்ஜினியர் ஐயா வாராவ" என்று பிலோமி எழுந்து நின்றாள். "அவிய பாத்தப்பறம் பூசுங்க. இப்ப தொடக் கூடாது."

"நீதான் அந்த டைப்புக்காரியா? இறால் தோடு உரிக்க கைக்கு டைப்பு ஒண்ணுதான் கேடு."

அவர் கண்ணைக் காட்டினார். இரண்டு பேர் இசக்கித்தாயின் தோளைப் பிடித்து இழுத்தார்கள். அவள் பூட்டுச் சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மேஸ்திரி செருப்புக் காலைத் தூக்கி அந்த விரல்களைக் கதவோடு சேர்த்து மிதித்தார். ஒரு தடவை. இன்னொரு தடவை. இசக்கித்தாய் கத்தவில்லை. கத்தியது பிலோமி. கத்திக்கொண்டே அந்தக் காலைப் பிடிக்கக் குனிந்தவளின் வாயில் மண்வெட்டிப் பிடி வந்து விழுந்தது.

வலி முதலில் தெரியவில்லை. நாக்கில் சின்னக் கல் மாதிரி ஏதோ உருண்டது. உள்ளங்கையில் துப்பிப் பார்த்தாள். பல்.

அல்போன்சா சாந்துச் சட்டியை எடுத்து, மண்வெட்டி வைத்திருந்தவன் தலையில் கவிழ்த்துப் போட்டாள். அவன் உட்கார்ந்தான். இன்னொருவன் அவள் கொண்டையைப் பிடித்துச் சுழற்றிக் கீழே தள்ளினான். அதற்குள் பூட்டு உடைந்து, கதவு திறந்துவிட்டது. உள்ளே கடப்பாரை விழும் சத்தம் கேட்டது. சுவரின் காரை பாளம் பாளமாகச் சரிந்தது.

இத்தனை நேரமும் வளன் லாரிப் பக்கத்தில் கடப்பாரையைப் பிடித்தபடி நின்றான். அடிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

அல்போன்சா எழுந்து, அவிழ்ந்த தலைமுடியோடு அவன் முன்னால் போய் நின்றாள்.

"ஒம்ம தங்கச்சி வாயில ரத்தம் வடியுது. பாத்துக்கிட்டா நிக்கீரு?"

"வீட்டுக்குப் போளா."

"எந்த வீட்டுக்கு? பிள்ளைக்கு மூச்சு முட்டுத வீட்டுக்கா? அது செத்தப்பறம் காரை பூசுவியளா?"

வளன் அறைந்தான். ஊரே பார்க்க, பளீரென்று கன்னத்தில். கல்யாணமாகி ஐந்து வருடத்தில் அவன் அவளை அடித்ததில்லை. அடித்த கையை அவனே ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

வாசலில் நின்ற மேஸ்திரிக்கு அது வேடிக்கையாகிவிட்டது. நாக்கில் நரம்பில்லாத ஆள். பெண்கள் கூட்டம்தானே, இவர்கள் கேட்டு என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம் வேறு.

"போடு, இன்னொண்ணு போடு! ஏளா, ஒம் புருசன்கிட்டப் போயி சுவத்தைப் பத்திப் பேசுதியே, இந்தச் சுவத்துக்கு மணல் ஏத்துனதே அவன்தான். பில்லுச் சீட்டுல ஆத்து மணலு, லோடுல கடக்கரை மணலு. கேட்டுப்பாரு. ஆறு வருசமா வாயில கொழுக்கட்டையை வச்சிட்டு நிக்கான்."

அல்போன்சா புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

பிலோமிக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. அடுப்பில் போன நோட்டீசுகள். 'காலை ஒடிச்சிருவேன்.' கடல் மணலில் கட்டிய சுவர் உப்பை விடாது. மழையென்றாலும் வெயிலென்றாலும் காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். உப்பளத்தில் பிறந்த பிள்ளைக்கும் தெரியும் அது. அண்ணனுக்குத் தெரியாதா?

"குலுக்கல்ல நமக்கே விழும்னு தெரியாது" என்றான் வளன். மனைவியைப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னான். "சத்தியமா. நம்ம பிள்ளை இதுல சாஞ்சு தூங்கும்னு தெரியாது."

நசுங்கிய விரல்களை முந்தானையில் சுற்றிக்கொண்டிருந்த இசக்கித்தாய் தலையைத் தூக்கினாள்.

"அப்ப அடுத்தவன் பிள்ளை சாஞ்சு தூங்கினா சரியாலே?"

வளன் கடப்பாரையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குள் போனான். பெண்கள் வழிவிட்டார்கள், ஒருத்தி காறித் துப்பினாள்.

"வாலே, வா. நீ ஏத்துன மணலை நீயே இடி" என்று மேஸ்திரி கிழக்குச் சுவரைக் காட்டினார். மற்ற சுவர்களிலும் பாதிக்கு மேல் காரை போயிருந்தது. கிழக்குச் சுவர் மட்டும் முழுசாக நின்றது, தரையிலிருந்து கூரைவரை கறுப்புப் பிடித்து.

சுவரைத் தொட்டுக் காட்டிய அந்தக் கையின் மேல்தான் கடப்பாரை இறங்கியது.

மணிக்கட்டு முறிந்த சத்தம் வாசல்வரை கேட்டது. மேஸ்திரி மாடு மாதிரி அலறினார். கூட வந்த ஐந்து பேரும் ஒரு கணம் திகைத்துவிட்டு, வளன் மேல் விழுந்தார்கள். ஒரே லாரியில் தொங்கிக்கொண்டு போய்வந்தவர்கள். அவன் தூக்குச்சட்டியில் கைவிட்டுச் சாப்பிட்டவர்கள். மண்வெட்டியால் முதுகில் போட்டார்கள். விழுந்தவனை உதைத்தார்கள். ஒருவன் அவன் வலது கையைச் செங்கல் மேல் வைத்து இன்னொரு செங்கலால் அடித்தான். வளன் இடது கையால் நிலைக்காலைப் பிடித்துக்கொண்டான். பிடித்த பிடியை விடவில்லை.

"மேஸ்திரி கை போனா அவன் உசுரும் போவட்டும்லே!" என்று அவர்களில் ஒருவன் கத்தினான்.

அதற்குமேல் பெண்கள் பொறுக்கவில்லை. இடித்துப்போட்ட காரைக் கட்டிகள்தான் கைக்குக் கிடைத்தன. பிலோமியும் எறிந்தாள். முதல் கட்டி எங்கோ போனது. இரண்டாவது ஒருவனின் காதில் பட்டது. அவன் காதைப் பொத்திக்கொண்டு ஓடியபோது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் அவளுக்கே பயமாகவும் இருந்தது.

பதினொன்று நாற்பதுக்கு லாரி போய்விட்டது. சிமெண்டு மூட்டைகள் உடைந்து, கலவைக்காகக் கொண்டுவந்த தண்ணீர்ப் பீப்பாய் கவிழ்ந்து, வீட்டுக்குள் கணுக்கால் அளவு சேறு.

"ஆஸ்பத்திரிக்கு வாண்ணே" என்றாள் பிலோமி.

"நாலு மணி ஆவட்டும்."

வளன் நிலைப்படியில் உட்கார்ந்தான். வலது கை முழங்கைக்குக் கீழே நீலமாக வீங்கித் தொங்கியது. இசக்கித்தாய் ஒரு செம்புத் தண்ணீரை எட்டத்தில் வைத்துவிட்டுப் போனாள். அல்போன்சா அந்தப் பக்கமே திரும்பவில்லை.

நான்கு அடித்து ஐந்து நிமிடத்தில் ஜீப் வந்தது. என்ஜினியரோடு ஒரு சப் இன்ஸ்பெக்டரும் இறங்கினார். மேஸ்திரி புகார் கொடுத்துவிட்டிருந்தார்.

என்ஜினியர் கண்ணாடி போட்ட, பேச்சுக் குறைந்த மனிதர். கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு உள்ளே போனார். கிழக்குச் சுவரில் கை வைத்தார். கை நனைந்தது.

"காலையில இங்கே வேலை நடந்திருக்கு" என்றார் அவர். "தண்ணி கொட்டிக் கிடக்கு. இந்த ஈரம் இன்னைக்கு வந்ததா, பழசான்னு நான் எப்படி எழுத முடியும்?"

பிலோமி கவிழ்ந்து கிடந்த பீப்பாயைப் பார்த்தாள். இசக்கித்தாயின் விரல்கள், தன் பல், அண்ணன் கை, எல்லாம் இதற்காகவா? தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போனவர்கள் ஜெயித்துவிட்டார்கள். அந்த ஒரு வரியை மட்டும் எழுதாமல் இருந்திருந்தால்.

"ஐயா" என்றான் வளன்.

நிலைக்காலைப் பிடித்து எழுந்து, உள்ளே வந்தான். இடித்த சுவரில் காரை பெயர்ந்த இடத்தில் இடது கை நகத்தால் சுரண்டினான். உள்ளங்கையில் விழுந்ததை என்ஜினியரிடம் நீட்டினான்.

மணலுக்குள் நகக்கண் அளவு சிப்பிகள். உடைந்த சோழி ஒன்று. ஊசிச் சங்கின் முனை ஒன்று.

"இந்த மணலை நான் ஏத்துனேன். தெக்கே கடக்கரை மேட்டுல அள்ளுனது. ஆத்து மணலுன்னு சொல்லி எறக்குனோம். தண்ணி இன்னைக்கு வந்ததா இருக்கட்டும் ஐயா. சிப்பி இன்னைக்கா வந்துச்சு?"

பெண்கள் குனிந்தார்கள். யாரும் சொல்லவில்லை, ஆளுக்கொரு காரைக் கட்டியை எடுத்து உடைத்தார்கள். ஒவ்வொன்றிலும் சிப்பி இருந்தது. மேஸ்திரி இடிக்காமல் விட்டிருந்தால் சுவரின் வயிற்றுக்குள் இருந்தது வெளியே வந்திருக்காது.

என்ஜினியர் ஊசிச் சங்கை விரலால் துடைத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"வாயால சொன்னா போதாது. எழுத்துல வேணும். நாளைக்குப் பத்து மணிக்கு என் ரிப்போர்ட் மெட்ராசுக்குப் போகுது. அதுக்கு முன்னால வந்தா சேர்த்து அனுப்புறேன். வந்தா நூத்திருபது வீட்டுக்கும் பூச்சை எடுத்துட்டுப் புதுசாப் பூசணும்னு எழுதுவேன். வரலைன்னா, இன்னைக்குப் பார்த்ததை மட்டும் எழுதுவேன்."

"அவனை நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார் சப் இன்ஸ்பெக்டர். "மேஸ்திரிக்குக் கை மூணு துண்டு."

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, அப்படியே ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

ஆறு மணிக்குப் பிலோமி சோற்றை எடுத்துக்கொண்டு போனாள். ஸ்டேஷன் ரைட்டர் அவளை நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணாச்சி ஆறுமுகநயினார் வந்துட்டுப் போனாவ. ஏத்துனது ஆத்து மணல்தான்னு ஒங்க அண்ணன் ஒரு வரி எழுதிக் குடுத்தா, கேஸை இத்தோட விட்டிருவாவளாம். இல்லைன்னா கொலை முயற்சின்னு போடச் சொல்லுதாவ. ஒங்க அண்ணன்கிட்டயும் சொல்லியாச்சு."

"அண்ணன் என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல."

கம்பிக்குப் பின்னால் வளன் சுவரில் சாயாமல் நடுவில் உட்கார்ந்திருந்தான். பிலோமி கம்பி வழியே உருண்டை பிடித்துக் கொடுத்த சோற்றை இடது கையால் வாங்கினான்.

"செலினுக்கு எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு."

"எந்தச் சுவத்துப் பக்கம் போட்டிருக்கிய?"

"எந்தப் பக்கமும் இல்ல. நட்ட நடுவுல. மைனி மடியிலேயே வச்சிருக்காவ."

அவன் பாதிச் சோற்றோடு நிறுத்திவிட்டான். நாளை எழுதிக்கொண்டு வரட்டுமா என்று அவள் கேட்க நினைத்தாள். கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவானோ என்று கேட்காமலே திரும்பினாள்.

வீட்டில் அல்போன்சா விளக்கைக் கூட ஏற்றாமல் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. பிலோமி ரைட்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"எந்த வரி எழுதினாலும் ஒரு வீடு போவுது, ஊரு வீடோ நம்ம வீடோ, இல்லியா?" என்றாள் அல்போன்சா. "நீ எழுதுளா. நானும் வாரேன். அவரு எந்த வரிக்கு ரேகை வைக்காருன்னு நான் நேர்ல பாக்கணும். அதுக்கப்பறம்தான் அவருக்கு எங்கிட்ட வீடு உண்டா இல்லியான்னு."

பிலோமி விளக்கை ஏற்றி நோட்டை எடுத்தாள். உதடு தடித்திருந்தது. எழுத்து மட்டும் கோணாமல் வந்தது.

மாலை 7.30. நாளை செய்ய வேண்டியது: ஏழு மணிக்கு வகுப்புக்குப் போய், வளன் அண்ணன் என்ஜினியரிடம் சொன்னதைச் சொன்னபடியே தட்டச்சு செய்ய வேண்டும், மூன்று பிரதி. எட்டரைக்கு ஸ்டேஷன். முதலில் முழுவதையும் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். வலது கை ஒடிந்திருப்பதால் கையெழுத்து முடியாது. இடது பெருவிரல் ரேகை. சாட்சிக்கு மைனியும் இசக்கித்தாயும். பத்து மணிக்கு முன் என்ஜினியர் கையில் சேர்க்க வேண்டும். மை டப்பி எடுத்துப்போக வேண்டும்.